கிறிஸ்டினின் வாய்க்கணக்கு

சீனன்குடாவில் கிறிஸ்டினோடு வாய் கொடுத்து வென்றவர் எவரும் இல்லை. தோற்றதை ஒத்துக்கொள்ளாத சிலர் இருந்தார்கள், அவ்வளவுதான். அவள் சத்தம் போடுகிற ஆளில்லை. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். அவளுடைய மனுசன் டொமினிக் எண்ணெய்த்தாங்கிகளில் குழாய் பொருத்துகிற வேலை செய்தவன். காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. திருகோணமலைப் பட்டினத்தில் இருந்த அண்ணன்மார் வந்து கூட்டிப்போகப் பார்த்தார்கள்.

"நான் ஒருத்தரின்ர குசினியிலயும் ஓரமா நிண்டு சாப்பிடமாட்டன். எனக்கெண்டு ஒரு குசினி வேணும்," என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, டொமினிக்கோடு வேலை செய்தவர்களின் மெஸ்ஸுக்குச் சமைக்கப் போய்விட்டாள்.

மெஸ் என்றதும் பெரிய மண்டபத்தை நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, இருந்து சாப்பிட இரண்டு நீள வாங்கு, மூன்று அடுப்பு. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன பிறகும் தாங்கிகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வந்தவர்கள் கிழமை முழுக்க அங்கேயே தங்கி, ஒரே குசினியில் சாப்பிட்டு, மாத முடிவில் செலவைப் பங்கு போட்டார்கள். பங்கு தலைக்கணக்கு. எத்தனை தலையோ அத்தனை பங்கு. இதில் என்ன பிரச்சினை வரப்போகிறது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

அறுபதாம் ஆண்டு பிரச்சினை வந்தது. நோன்பும் தவக்காலமும் அந்த வருசம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கிண்ணியாக்காரர் பகலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேதக்காரர் இறைச்சியை விட்டார்கள். சைவக்காரர் வெள்ளிக்கிழமை மீனோ இறைச்சியோ தொடமாட்டார்கள். பங்குனி பிறந்ததும் திங்கட்கிழமையும் அதோடு சேர்ந்துகொண்டது. மாத முடிவில் களஞ்சியக் கிளாக்கர் சோமசேகரம் பங்கு சொன்னார். எல்லாருக்கும் ஒரே பங்கு. முதலில் எழும்பியவன் பம்பு ஓட்டுகிற ஹிஸ்புல்லா.

"கிளாக்கரையா, எண்ட தலை இஞ்சதான் இருந்தது, ஓம். ஆனா இந்த மாசம் பகலுக்கு எனக்கு வாய் இல்ல. இல்லாத வாய்க்கு நான் ஏன் காசு தரவேணும்?"

"அப்ப நான் திண்ணாத மீனுக்கு வருசம் முழுக்கக் குடுத்துக்கொண்டு வந்தனான். அதைத் திருப்பித் தாரியளா?" என்றார் சோமசேகரம். அமைதியான மனுசன், அவர் அப்படிக் கேட்டதும் மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிட்டது. ஆளுக்கொரு பழைய கணக்கு. எவன் எவனுடைய இறைச்சிக்குக் காசு அழுதான், எவன் எத்தனை தரம் சோறு போட்டுத் தின்றான் என்று கதை நாறிப்போனது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மூன்று அடுப்பு இருக்கிறது, மூன்று மெஸ்ஸாகப் பிரிவோம்.

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போகிற பயம் இருந்ததுதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட வேறொன்று அவளைச் சுட்டது. டொமினிக் செத்த அன்று பெட்டியைத் தோளில் வைத்தவர்களில் ஹிஸ்புல்லாவும் இருந்தான், சோமசேகரமும் இருந்தார். அவர்கள் இனி ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவதா?

"தலைக்கணக்கு வேண்டாமெண்டா வாய்க்கணக்குப் பார்ப்பம்," என்றாள். "ஒரு மாசம் பொறுங்கோ. அதுக்குப் பிறகும் சண்டை வந்தா நானே மூண்டு அடுப்பையும் இடிச்சுவிடுறன்."

பழைய கதவுப் பலகை ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு வரிசை ஆணி. சோடா மூடிகளில் துளை போட்டு நிறம் பூசினாள்: சோற்றுக்கு வெள்ளை, மரக்கறிக்குப் பச்சை, மீனுக்கு நீலம், இறைச்சிக்குச் சிவப்பு. எதைச் சாப்பிட்டாயோ அந்த மூடியை உன் கையாலேயே உன் ஆணியில் கொழுவு. மாத முடிவில் மீனுக்கு ஆன செலவை எல்லா நீல மூடிகளாலும் பிரி, உன் ஆணியில் உள்ள நீல மூடிக்கு மட்டும் நீ கொடு. உண்ணாத வாய்க்குக் கணக்கில்லை. எல்லார் முன்னிலையிலும் கொழுவுகிறதால் களவெடுக்க வழியுமில்லை. ஒருநாள் ஹிஸ்புல்லா இரண்டாம் தரம் மீன் போட்டுக்கொண்டு நைசாக நகரப் பார்த்தபோது, முழு வாங்கும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மூடியைக் கொழுவினான்.

மெஸ் பிரியவில்லை. இரண்டு வருசத்துக்குள் துறைமுகக் கூலியாட்களும் சாம்பல்தீவு வலைகாரரும் பலகையைப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வந்தவர்தான் பேணாட், டொமினிக்கின் அண்ணன், பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். தம்பி பெண்சாதிக்கு ஒரு சரை கறித்தூள்கூட வாங்கிக் கொடுத்திராத மனுசன், அன்றைக்குப் பெட்டி நிறையப் பணியாரத்தோடு வந்து, பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சில மாதம் கழித்து அவருடைய கடை வாசலில் பலகைகள் தொங்கின. வார்னிஷ் பூசிய மரம், பித்தளை வளையம், மேலே பேணாட்டின் பேர்.

கிறிஸ்டின் நேரே கடைக்குப் போனாள். பேணாட் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. நான் கொழும்புக்குப் பேற்றனுக்கு எழுதிப்போட்டன். அது கிடைச்சா இந்தக் கணக்கு என்ர. பிறகு எந்த மெஸ்ஸெண்டாலும் என்னட்டத்தான் பலகை வாங்கவேணும். உங்களுக்கெண்டா விலையைக் குறைச்சுத் தருவன்."

பேற்றன் என்று பேணாட் சொன்னது, புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு அரசாங்கம் கொடுக்கிற ஆக்கவுரிமையை. அது கிடைத்துவிட்டால் மற்றவர்கள் கேட்டுத்தான் செய்யவேண்டும். தன்னுடைய ஆணியில் தன்னுடைய மூடியைக் கொழுவத் தான் பேணாட்டிடம் கேட்கவேண்டுமா? 

"எனக்கு விலை குறைப்பியளோ, மச்சான். பார்ப்பம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கே அவளும் விண்ணப்பம் போட்டாள். சோமசேகரம் தமிழில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஆனால் கொழும்புக்கு இங்கிலீசில் போகவேண்டும். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் பெட்டிசன் எழுதுகிறவரிடம் கொடுத்தார்கள். அவர் பெரிய படிப்பாளி, ஆனால் மெஸ்ஸில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவருக்குத் தெரிந்த வாய்க்கணக்கு ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் தாளும் பென்சிலும் இல்லாமல் மனதால் போட்டு வாயால் சொல்கிற கணக்கு. அதையே அழகான இங்கிலீசில் எழுதி அனுப்பிவிட்டார். மனக்கணக்குச் செய்வதற்கு ஒரு பலகை. கொழும்பு மறுத்து எழுதியது. மனதால் செய்கிற கணக்கு எவருடைய கண்டுபிடிப்பும் இல்லையாம்.

"மனக்கணக்கோ?" என்றாள் கிறிஸ்டின். "நான் சோடா மூடியில துளை போட்டுக் கை புண்ணாகினது மனசிலயோ? வெளிக்கிடுங்கோ, கிளாக்கரையா."

கதவுப் பலகையைச் சாக்கில் சுற்றிக் கட்டி ரயிலில் ஏற்றினார்கள். கொழும்பில் பேற்றன் கந்தோரில் ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இருந்தார். நல்ல மனுசன். அவர் மேசையிலிருந்த கடிதக் கோவைகளை ஒதுக்கிவிட்டு, பலகையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டார். வாய்க்கணக்கின் கதை விளங்கியதும் சிரித்துவிட்டார்.

"உண்ணுற வாயோ? நான் சொல்லுற வாயெண்டு நினைச்சிட்டன். சரி, அதைத் திருத்துறன்." திருத்தவும் செய்தார். பிறகு பேனையை மூடி வைத்தார். "ஆனா அம்மா, திருத்தினாலும் தர ஏலாது."

"ஏன்?"

"சட்டம் செய்பொருளுக்குத்தான் உரிமை குடுக்குது. இதில செய்பொருள் எது? பலகையும் ஆணியும் மூடியும். ஆணியில ஒண்டைக் கொழுவுறது புதுசில்லை. புதுசா இருக்கிறது நீங்கள் பங்கு பிரிக்கிற முறை. முறைக்குச் சட்டத்தில இடமில்லை."

"அப்ப புதுசா இருக்கிறதுக்கு இடமில்லை. இடம் இருக்கிறது புதுசில்லை. அப்பிடியோ?"

உத்தியோகத்தர் தலையாட்டினார். "ஓம். அப்பிடித்தான்."

கிறிஸ்டின் விடவில்லை. இந்த முறை இல்லாவிட்டால் அந்தப் பலகை வெறும் கதவுதானே என்றாள். நீங்கள் மாதச் செலவை எப்படிப் பங்கு போடுகிறீர்கள் என்று அவரையே கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஒருத்தர் மணலில கோடு கீறிச் சிப்பி வைச்சு இதே கணக்கைப் பார்த்தால், அவரை வழக்குக்கு இழுப்பியளோ?" என்று கேட்டார்.

இழுக்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. கண் கலங்கியது, அதை அவருக்குக் காட்ட விருப்பமில்லாமல் பலகையைத் திரும்பச் சாக்கில் சுற்றினாள். வாசலுக்குப் போனவள் திரும்பி நின்றாள்.

"பட்டினத்தில இருந்து பேணாட் எண்டு ஒருத்தரும் கேட்டிருக்கிறார். அவருக்கு?"

"உங்களுக்கு இல்லாதது அவருக்கு எப்பிடிக் கிடைக்கும்? இதுக்கு ஒருத்தரும் சொந்தக்காரர் இல்லை, அம்மா."

ரயிலில் சோமசேகரம் அதைச் சொல்லித்தான் ஆறுதல்படுத்தப் பார்த்தார். பேணாட்டின் வாய் அடைபட்டதே, அது போதாதா? போதாது. மூன்று அடுப்பையும் ஒரே அடுப்பாகப் பிடித்து வைத்தவள் அவள். அவளுடைய பேர் எங்காவது ஓரிடத்தில் இருக்கவேண்டாமா? ரயில் கல்ஓயாச் சந்திக்கு வந்தது. அதைத் தாண்டியதும், "என்ர எண்டு சொல்ல ஏலாதெண்டா, அவரின்ர எண்டு ஒருத்தரும் நினைக்கவும் கூடாது," என்றாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கிறிஸ்டினைக் குசினியில் பார்க்க முடியாது. கிண்ணியாத் துறையைக் கடந்து போவாள், மூதூருக்கு வள்ளம் ஏறுவாள், சாம்பல்தீவு வலைவாடிக்குப் போவாள். ஒரு பழம் பலகையும் ஒரு பிடி ஆணியும் கிடைத்தால் போதும், அந்த இடத்திலேயே செய்து காட்டிவிட்டு வருவாள். தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வாங்கியதில்லை. பேணாட்டின் வார்னிஷ் பலகைகளில் தூசி படிந்தது. கடைசியில் அவர் பித்தளை வளையங்களைத் திரைச்சீலைக்கு விற்றார். கிறிஸ்டின் சந்தோசப்பட்டாளா? பட்டாள். நன்றாகவே பட்டாள். ஆனால் போகிற இடமெல்லாம் "இது ஆர் கண்டுபிடிச்சது?" என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தாள். பசியோடு வந்தவர்கள் அதையா கேட்பார்கள்?

வருசங்கள் போயின. சோமசேகரம் ஓய்வுபெற்று ஈச்சிலம்பற்றுக்குப் போய்விட்டார். எழுபத்தொன்பதாம் ஆண்டு அவருடைய மகளின் கலியாணத்துக்குக் கிறிஸ்டின் அங்கே போனாள். மறுநாள் அவர் கடற்கரை பார்க்கக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மீன்வாடி, வெளியூர்களிலிருந்து வந்து தங்கித் தொழில் செய்கிறவர்களுடையது. உள்ளே பலகை தொங்கியது. மூடிக்குப் பதிலாகச் சிப்பி. மற்றதெல்லாம் அதேதான்.

வாடியை நடத்துகிற சம்மாட்டி அவர்களை இருத்திச் சோறு போட்டார். கிறிஸ்டின் பலகையையே பார்ப்பதைக் கண்டு, "இது எங்கட வாய்க்கணக்கு, அம்மா. பழைய காலத்தில இருந்தே இஞ்ச உள்ளது," என்று விளக்கத் தொடங்கினார். உண்ணாத வாய்க்குக் கணக்கில்லை என்றார். கொழுவுகிறவன் தன் கையாலேயே கொழுவவேண்டும் என்றார். அவளுடைய சொற்களையே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சோமசேகரம் வாயைத் திறக்குமுன் கிறிஸ்டினே சொல்லிவிட்டாள். "இது நான் கண்டுபிடிச்சது."

சம்மாட்டி மரியாதையாகச் சிரித்தார். "ஓம், அம்மா. போன மாசம் மூதூரால வந்த ஒருத்தரும் தான்தான் எண்டு சொன்னவர்."

கிறிஸ்டினுக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. கொழும்பில் கேட்டதெல்லாம் நாவின் நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் சம்மாட்டி எழும்பி, சோற்றுக்கும் மீனுக்குமாகச் சிப்பிகளை எடுத்து, எல்லா வரிசைக்கும் கீழே தனியாக நின்ற ஓர் ஆணியில் கொழுவினார். அதற்கு நேரே ஒரு பேரும் இல்லை.

"அது ஆரின்ர ஆணி?" என்று கேட்டாள்.

"உங்கட. வந்த ஆக்களின்ர ஆணி அது. அதில விழுகிறதை மட்டும் வாய்க்கணக்கில போடுறேல்ல. எல்லாத் தலைக்கும் சரிசமமாப் போடுவம். இஞ்ச இருக்கிற ஒவ்வொருத்தரும் உங்களுக்குச் சோறு போட்ட மாதிரி."

இத்தனை வருசமாகக் கிறிஸ்டினுடைய மெஸ்ஸுக்கு விருந்தாளி வந்தால், இது ஆர் கணக்கு என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது வேண்டாவெறுப்பாகத் தன் ஆணியில் கொழுவுவார்கள். அதைத் தீர்க்க அவளுக்குத் தெரியவில்லை. மூதூர்க்காரனோ, வெருகல்காரனோ, யாரோ ஒருவர், எவரையும் கேட்காமல், அவளுடைய பலகையில் அதை அடித்திருக்கிறார். ஒரு சொந்தக்காரரைக் கேட்கவேண்டிய அவசியம் இருந்திருந்தால் அடித்திருப்பாரா?

"என்ர பலகையில இந்த ஆணி இல்லை," என்றாள் சோமசேகரத்திடம். பிறகு சம்மாட்டியைப் பார்த்து, "இதை நானும் அடிக்கலாமோ, தம்பி?" என்று கேட்டாள்.

"இதுக்கென்ன கேள்வி, அம்மா?" என்றார் அவர், அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டபடி.