பின்பக்கம் சுத்தம்

காரைக்காலில் பழைய தபால் அட்டைகள் விற்பவர் அவர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. எந்தக் குறையையும் மறைக்கமாட்டார். “மூலை மடிஞ்சிருக்குங்க, இங்க எண்ணெய்க் கறை” என்று அவரே காட்டிவிட்டுத்தான் விற்பார்.

அன்று நான் போனபோது, வியட்நாமின் சைகோனிலிருந்து எவரோ அந்தக் காலத்தில் ஊருக்கு எழுதிய அட்டையின் பின்பக்கப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். ‘அம்மாவுக்கு’ என்ற சொல் மட்டுமே மிச்சம்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க?”

“எழுத்து இருந்தா, வெளியூர்ல வாங்குறவங்க அழுக்குன்னு திருப்பி அனுப்பிடுறாங்க சார்.”

அம்மாவையும் அழித்தார். தூளை ஊதினார். பிறகு விற்பனைச் சீட்டில் நிதானமாக எழுதினார்: ‘பின்பக்கம் சுத்தம். லேசான பென்சில் தடம் உண்டு.’

அழித்ததைக்கூட மறைக்காத மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?