லோன்றியில் குடித்த முன்யாத் தேநீர்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை குரோய்டன் பக்கத்தில் ஒரு லோன்றியில். ஹோட்டல்களிலிருந்து லொறி லொறியாக வரும் படுக்கை விரிப்புகளைக் கழுவி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் காதில் விழுந்தால் பாதிக்கு மேல் விளங்கும். வாயைத் திறந்தால் ஒன்றும் வராது.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் எங்கள் வீட்டுக்கார அண்ணை. தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டு மேல்மாடி முன்னறையில்தான் நானும் கணவரும் குடியிருந்தோம். லோன்றியில் அவர் சூப்பர்வைசர். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேரை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

என்னை உருளை மெஷினில் விட்டார்கள். ஈர விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை இன்னொருத்தர் பிடித்து, இருவருமாகச் சுருக்கம் இல்லாமல் இழுத்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு எதிரே நின்றவர் போலிவியா நாட்டுப் பெண். ஐம்பது வயது இருக்கும். குள்ளம், அகலமான தோள். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான், பாதியைக் கையால் பேசுவார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'இஹீத்தா' என்றார். சின்ன மகள் என்று அர்த்தமாம்.

அந்த நாளில் எனக்கு ஓயாத வயிற்றெரிவு. பாண் துண்டு ஒன்று தின்றாலும் நெஞ்சுக்குழிக்குக் கீழே நெருப்பு வைத்ததுபோல் இருக்கும். ஒருநாள் விரிப்பைப் பிடித்தபடியே குனிந்துவிட்டேன். அக்கா மெஷினை நிறுத்தினார். இடைவேளையில் தன் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். உள்ளே காய்ந்த சுள்ளியும் பொடி இலையும். முகர்ந்து பார்த்தேன். புதினாவும் ஓமமும் கலந்த மாதிரி ஒரு வாசம், ஆனால் இரண்டையும்விடக் காரம்.

"முன்யா" என்றார். "எங்கள் மலையில் முளைப்பது."

கொதிநீரைக் கோப்பையில் ஊற்றி, ஒரு பிடி போட்டு, சோசரால் மூடினார். நான் சீனிக்குக் கை நீட்டினேன். கையில் ஒரு தட்டுத் தட்டினார். ஐந்து நிமிடம் கழித்துக் குடித்தேன். எரிவு போகவில்லை. ஆனால் வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று பிடியைத் தளர்த்தியது. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு கோப்பை. அவருடைய ஊரில் கிழங்கு தின்று வயிறு ஊதினால் இதைத்தான் கொடுப்பார்களாம். பிள்ளைக்கு வயிற்றுவலி என்றாலும் இதுதானாம். கிழங்கைச் சேர்த்து வைக்கும்போது பூச்சி அண்டாமல் இருக்க இந்தச் செடியைத்தான் நடுவில் பரப்புவார்களாம். ஆனால் இதையே நம்பி இருக்கவும் அவர் விடவில்லை.

"இது வயிற்றைச் சமாதானப்படுத்தும். புண் இருந்தால் ஆற்றாது. டொக்டரிடம் போ" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். நான் போகவில்லை. டொக்டரிடம் என்னத்தைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற பயம்.

ஒருநாள் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். தகரச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்துக்குள் பசியும் களைப்பும் தெரியாமல் இருக்கக் கொக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்வாராம். நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். மலை ஏறித் தலையிடி வந்தால் அந்த இலையிலும் தேநீர் போடுவார்கள் என்றார். "இங்கே கொண்டுவரக் கூடாது, ஜெயில்" என்று மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினார். மகள் மட்டும் ஊரில் இருந்தாள். பதினாறு வயது. அவளைக் கூப்பிடத்தான் இந்த வேலை.

இந்தக் கொக்காக் கதையை அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் எங்கள் பெண்களிடம் சொன்னவள் நான்தான். கேள்விப்படாத ஒரு புதினமாகச் சொன்னேன். அண்ணை பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அண்ணை என்னைக் கூப்பிட்டார். மனேஜர் வரச் சொன்னாராம். போகும் வழியில் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த மனுசி உமக்கு ஏதோ இலை அவிச்சுத் தாறாவாம் எண்டு மனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அது சும்மா வயித்துநோவுக்கு, அண்ணை. புதினா மாதிரி ஒண்டு."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்காது. அவையின்ர நாட்டில எல்லாம் கொக்கெய்ன் தானே. நீர் கேட்டதுக்கு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன். உம்மட கேஸ் இன்னும் முடியேல்லை, மறந்திடாதையும்."

மனேஜர் மேசையில் அக்காவின் துணிப் பொட்டலம் கிடந்தது. அதைக் குடித்தால் உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். அண்ணை தமிழில் சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னேன்: "வயித்துநோ குறையும். கொஞ்சம் சுகமா இருக்கும். புதினா மாதிரி ஒரு இலைதான், வேறொண்டும் இல்லை."

அண்ணை மனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். குடித்தால் நோவே தெரியாமல் போகிறதாம். தலை ஒரு மாதிரி மிதக்கிறதாம். என்ன இலை என்று இவளுக்குத் தெரியாதாம், பயத்தில் குடித்தாளாம்.

எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனேஜர் நேராக என்னிடமே, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார், அது சரியா என்று.

"யெஸ்" என்றேன்.

யாரும் அந்த இலையை எங்கும் அனுப்பிச் சோதிக்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மனேஜர் பொட்டலத்தைக் குப்பைக்கூடைக்குள் போட்டார். பத்து மணிக்கு முன்னரே அக்காவை அனுப்பிவிட்டார்கள். கோட்டை எடுக்க வந்தபோது அவர் மெஷினருகே நின்றார். நான் விரிப்பின் தைத்த ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு எதிரே புது ஆள். அண்ணையின் மனைவியின் தங்கை. கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம். எங்கள் அறைக்குக் கீழேதான் படுத்தெழும்பியவள். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நல்ல பிள்ளை அவள், ஒன்றும் அறியாதவள். "அக்கா, இந்த முனையைப் பிடியுங்கோ" என்பாள். பிடிப்பேன். அண்ணை கடந்து போகும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மூன்று வருடம் அப்படிச் சிரித்தேன்.

வயிற்றெரிவு முற்றி, ஒருநாள் மலம் கறுப்பாய்ப் போய், மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய் விட்டுப் பார்த்துப் புண் என்றார்கள். மருந்து தந்தார்கள். மாறியது.

தொண்ணூறுகளின் நடுவில், வழக்கும் முடிந்து, நான் வேறு வேலையில் இருந்த காலம். பிரிக்ஸ்டனில் பஸ் ஏறிய ஒரு மத்தியானம், கீழ்த்தட்டில் ஜன்னலோரம் அக்கா இருந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்து இருக்கை காலி. போய் உட்கார்ந்தேன். அவருக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது.

இத்தனை வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்ததை இங்கிலீஷில் சொன்னேன். அண்ணை மாற்றிச் சொன்னதை, அது எனக்கு விளங்கியதை, பயந்ததை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"கதவு பாதி திறந்திருந்தது. நீ உள்ளே போன பிறகு என்னையும் கூப்பிட்டு வெளியே கதிரையில் இருத்தியிருந்தார்கள். நீ 'யெஸ்' சொன்னது கேட்டது."

"எனக்குப் பயமாக இருந்தது, அக்கா."

"எனக்கும்தான்."

போதைப்பொருளால் நீக்கப்பட்டவள் என்று தாளில் எழுதிவிட்டார்களாம். இரண்டு வருடம் நிரந்தர வேலை ஒன்றும் கிடைக்கவில்லையாம். திரும்ப வேலை கிடைத்து மகளுக்கு விண்ணப்பித்தபோது அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பிள்ளை என்ற கணக்கில் வர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். மகள் அங்கேயே கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை என்னிடம் சொல்லி உனக்கு லேசாகிவிட்டது. எனக்கு என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணியை அழுத்திவிட்டு, "தள்ளு, இறங்க வேண்டும்" என்றார். எழுந்து வழிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த நேரம் நீர் வேற என்ன செய்திருக்க ஏலும்? கேஸ் இருந்தது, வீடு அவரின்ர, வேலை அவர் தந்தது" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மனேஜரிடம் 'நோ' என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவு இங்கிலீஷ் அன்றைக்கே எனக்குத் தெரியும்.