அறுக்கக் கிடைக்காத மான்

மகன் போனில் வேட்டைக் கேம் ஒன்றை இறக்கி, "நல்லமா எண்டு விளையாடிப் பார்த்துச் சொல்லுங்க வாப்பா" என்றான். துவக்குச் சத்தம் கேட்டதுமே, சின்ன வயதில் என் வாப்பாவோடு வேட்டைக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

அன்று காட்டில் வாப்பா, அவருடைய தம்பியான சாச்சா, நான், மூன்று பேர்தான். வீட்டில் உம்மா கறிக்குக் கூட்டரைத்து வைத்துக் காத்திருந்தா. வாப்பா சுட்ட மான் தூரத்தில் விழுந்தது. உயிர் போகுமுன் அறுத்தால்தான் ஹலால், நாங்கள் தின்னலாம். கத்தியோடு ஓடிய சாச்சாவின் இடுப்புச் சாரன் முள்ளில் மாட்டியது.

"சாரன உட்டுட்டு ஓடுடா!" என்று வாப்பா கத்தினார்.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல காக்கா!" என்று சாச்சா அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

அவர் போய்ச் சேருமுன் மான் செத்துவிட்டது. அவ்வளவு இறைச்சியையும் நரிக்கு விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

கேமிலும் மான் விழுந்தது. ஓடவே தேவையில்லை, உடனே புள்ளி ஏறியது.

"சரியில்ல மகன், அழிச்சிடு."

"ஏன் வாப்பா?"

"அறுக்காத மானுக்கு என்னத்துக்குடா புள்ளி?"