சின்னம்மைக்கு வந்த பெயிண்டர் மாமா

மூன்று மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்வது அந்தப் பெயிண்டருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தைகளைத் தூக்கச் சொன்னால்தான் கை நடுங்கும். அப்படிப்பட்டவன் தலையில், அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சின்னம்மை வந்து விடிந்தது.

அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சின்னம்மை வந்ததாக யாருக்கும் நினைவில்லை. "ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் நீங்க பிள்ளைங்க பக்கமே போகக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவனுக்கோ கப்பலில் வேலை. சிறுவயதில் அம்மை வந்து எழுந்தவன் தம்பி ஒருவன்தான்.

"அப்ப நீதாண்டா" என்று அவனை ஊரிலிருந்து வரவழைத்துவிட்டு, அக்கா மேல்மாடியிலிருந்த தோழி வீட்டுக்குத் தங்கப் போனாள்.

மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொறிந்தார்கள். அவன் முதலில் நகவெட்டியை எடுத்தான். சின்னவன் வீடே அதிரும்படி அலறினான். மேலே பால்கனியிலிருந்து அக்காவின் குரல் பாய்ந்தது.

"என் புள்ளைய என்னடா பண்ற?"

"நகந்தாங்க்கா வெட்டுறேன். கழுத்தையா வெட்டுறேன்?"

அடுத்தது குளியல். டாக்டர் சொன்னபடி ஓட்ஸை மிக்ஸியில் மாவாகப் பொடித்து, துவைத்த காலுறை ஒன்றில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்தான். தண்ணீர் வெளுத்துக் குழகுழவென்றானது. அதில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் பிள்ளைகளின் முகம் தெளிந்தது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தொளதொளவென்ற பருத்திச் சட்டை மாட்டிவிட்டான். வாய்க்குள்ளும் கொப்புளம் இருந்ததால் காரமில்லாமல், உப்பைக் குறைத்து, கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கொடுத்தான்.

சிக்கல் மருந்து பூசுவதில்தான் வந்தது. பஞ்சில் தொட்டு அவன் வைத்தால், "குத்துது மாமா" என்று நெளிந்தார்கள். உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை அவனுடையது. யோசித்துப் பார்த்தான். கடைக்கு ஓடி, மெல்லிய முடி வைத்த புத்தம்புதுப் பிரஷ் இரண்டு வாங்கிவந்தான். ஆளுக்கு ஒன்று. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டர் தந்த ரோஸ் நிற லோஷனைத் தொட்டுத் தொட்டு வைத்தான். பிரஷ் கைக்கு வந்ததும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

"குளுகுளுன்னு இருக்கு மாமா! இன்னொரு கோட் அடி!"

"மொத கோட் காயட்டும்டா. காயறதுக்குள்ள தொட்டா வேலை கெட்டுப்போயிடும்."

தூங்கும்போது சொறியாமலிருக்கக் கைகளில் மெல்லிய காலுறை மாட்டிவிட்டான். விழித்திருக்கும்போதுதான் கை சும்மா இருக்காது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், கொல்லைச் சுவரில் நிழல் விழுந்த பக்கமாக இருவரையும் நிறுத்தி, ஆளுக்கொரு பழைய பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தான். "இந்தச் சுவருக்குத் தண்ணி பெயிண்ட் அடிக்கணும். காய்ஞ்சா திரும்ப அடிக்கணும்."

சுவர் காய்ந்துகொண்டே இருந்தது. அவர்களும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் சொறியவில்லை. பால்கனியில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. வாசலில் அக்கா. பெயிண்டர் பதறிப்போய்க் கையை விரித்து வழியை மறித்தான்.

"தள்ளுடா! எனக்கு எப்பவோ வந்து போயிருக்காம். ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்காம். டாக்டரே போகச் சொல்லிட்டாரு!"

பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்தாள். பிறகு மூத்தவளை உட்காரவைத்துத் தானே மருந்து பூசினாள். அவளோ கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, அம்மா முதுகுல ரெண்டு எடத்தை விட்டுட்டாங்க" என்றாள்.

"அஞ்சு நாள்ல என்னையே குறை சொல்ற அளவுக்கு வந்துட்டியாடி?" அக்காவுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

அன்றே கிளம்ப நினைத்தவனைச் சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை இருந்தான்.

ஊருக்குப் புறப்படும் நாளில் சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்: "பொறுப்பாத்தான் இருக்க. பொண்ணு பாக்கட்டுமாடா?"

"பாருக்கா, வேணாங்கல. அதுக்கு முன்னாடி என்னை ஒரு மூணு நாள் தூங்கவிடு."