நான்காம் ரீலின் மழை

"படம் நிக்கு, மக்களே."

"எங்க, அண்ணாச்சி?"

"நாலாவது ரீலுல. மழை தொடங்கி ரெண்டு நிமிஷம். ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாச்சு, அதே இடம்தான்."

"இங்க நல்லா ஓடிச்சே."

"உங்க மெஷின் போன வருஷம் பிறந்தது. என் சர்வருக்கு வயசு பதிமூணு, கேட்டியா. எவ்வளவு ரேட் போட்டே?"

"வினாடிக்கு இருநூத்தம்பது மெகாபிட்."

"அது மேல்வரம்புல்லா பிள்ளே! பல்லு போனவனுக்கு முறுக்கு குடுத்திருக்கே, அல்லே?"

போனில் இப்படிப் பேசிக்கொண்டபோது காலை பத்து மணி. ஆரியசாலையில் பாக்குக் கடையின் மாடியில், முடிந்த படங்களைத் தியேட்டருக்கேற்றபடி ரீல் ரீலாக டிஜிட்டல் கோப்புகளாகச் சுருக்கி டிஸ்கில் கொடுக்கும் ஸ்டூடியோவில் செல்வமணிக்கு வேலை. மறுமுனையில் பேசிய கோலப்பன் தம்பானூர்த் தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டர். அதுவரை இருவரும் போனில் மட்டுமே பேசியவர்கள்.

மாலை ஆறு மணிக்குக் காட்சி. இயக்குநர் நீதுவின் முதல் படம். கொச்சியிலிருந்து விநியோகஸ்தர்கள் அந்த ஒரு காட்சிக்காகத்தான் வருகிறார்கள். மழையில் ஒவ்வொரு துளியும் தெரியவேண்டும் என்று நீது கேட்டபோது, மறுத்துப் பேசிப் பழகாத செல்வமணி, வினாடிக்கு எவ்வளவு தகவல் என்ற அந்த ரேட்டை உச்சத்தில் வைத்துவிட்டாள். படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருங்குவது. வெறும் சுவர் என்றால் சிறிதாகச் சுருங்கிவிடும். மழையில் துளிக்குத் துளி வேறுபடுவதால் சுருங்காமல் முரண்டு பிடிக்கும்; அத்தனை தகவலையும் பழைய சர்வரால் வேகத்துக்குப் படிக்க முடியாமல் படம் நின்றுவிடும். அவளுடைய தவறு மற்ற ரீல்களில் வெளியே தெரியவில்லை, மழையில் தெரிந்துவிட்டது.

எந்தப் படம் வந்தாலும் காலையில் காலி அரங்கில் முழுதாக ஓட்டிப் பார்ப்பது கோலப்பனின் வழக்கம். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஒருமுறை அரங்கு நிறைந்த காட்சியில் படம் உறைந்து நின்று, ஜனங்கள் கேபினைப் பார்த்துக் கூவினார்கள். அன்று அவர் மனைவி மாடம்மாளும் படம் பார்க்க வந்திருந்தாள். "கூவினதுல அவளும் உண்டு," என்று சிரிப்பார்.

"முழுப் படமும் திரும்பச் செய்ய நேரமில்லையே," என்றாள் செல்வமணி.

"முழுசும் என்னத்துக்கு? நாலாவதை மட்டும் நூத்தியெண்பதுல போட்டு எடுத்துட்டு வா."

ஒன்றரை மணிக்கு ரீல் தயாரானது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் கண்ணுக்குப் படவில்லை. டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். அது சர்வரில் ஏறி முடிய மூன்று மணியாயிற்று.

காலி அரங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோலப்பன் கையில் ஒரு பருப்புவடை. திரையில் மழை தொடங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மழை அது பாட்டுக்குப் பெய்துகொண்டே இருந்தது. அது முழுதாக விட்ட பிறகுதான் அவர் வடையைக் கடித்தார். செல்வமணிக்கு அப்போதுதான் காலையில் சாப்பிடாதது நினைவு வந்தது.

ஆறு மணிக் காட்சியில் யாரும் கூவவில்லை. நீது வெளியே வந்து, ஒவ்வொரு துளியையும் பார்த்ததாக மலையாளத்தில் சொல்லிச் செல்வமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓரோ துள்ளியும் கண்டு, செல்வீ!"

செல்வமணி டிஸ்கை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கோலப்பன் படிக்கட்டு வரைக்கும் வந்தார்.

"ஒரு காரியம் செய்வியா, மக்களே? அடுத்த தடவை டிஸ்கோட ஒரு துண்டுச்சீட்டு வை. மழை, கடல், கூட்டம் எல்லாம் எங்கெங்க வருதுன்னு எழுதிரு. காலையில எனக்கு முதல்ல அந்த இடங்கள ஓட்டிப் பாத்துரணும்."