வயரின் கடைசி மூடி

என் அத்தையின் வேலையைப் பறித்தவன் நான். தலை நரைத்த இந்த வயதிலாவது அதை எழுதிவிடுகிறேன்.

அத்தை நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய், நில வரைபடம் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தார். தற்காலிக வேலை. சித்தூர் வரைபடங்களை அன்று மாலைக்குள் அச்செடுத்துத் தந்தால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போனார்.

"எதையும் தொடாம குந்திக்கினு இரு."

ஹாலில் ஐந்தாறு கம்ப்யூட்டர்கள், கண்ணாடி அறைக்குள் பெரிய ஒர்க்ஸ்டேஷன். படங்கள் அதற்குப் போய்ச் சேர்ந்தால்தான் பெரிய தாளில் அச்சாகும். எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வயர் இணைத்திருந்தது. அது அத்தையின் மேஜைக்கடியில் முடிந்தது. முனையில் பளபளவென்று சிறிய மூடி. வயர்தான் முடிந்துவிட்டதே, மூடி எதற்கு? திருகிக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் ஒரு ஃபைல்கூட எங்கும் போகவில்லை. முனையில் அந்த மூடி இல்லாவிட்டால் வயர் முழுவதுமே வேலை செய்யாது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

"நேத்து டேபிளை நகர்த்தினது யாரு?" மேனேஜர் கத்தினார்.

அத்தை எழுந்து நின்றார். "நான்தான் சார், ஃபேனுக்காக. வயரைத் தொடல சார்."

"காத்து நல்லா வந்துச்சாம்மா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஃப்ளாப்பியில் அந்தப் படங்கள் கொள்ளாது. மெட்ராஸிலிருந்து சரிசெய்ய ஆள் வர மறுநாளாகும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூடி தொடையில் உறுத்தியது. அடி விழும் என்ற பயத்தில் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நீ கொஞ்சம் வெளியில நில்லும்மா. உன்னைப் பார்த்தாலே எரிச்சலா வருது" என்றார் மேனேஜர்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். எல்லோரும் கண்ணாடி அறைக்குள் நிற்க, நான் மேஜைக்கடியில் ஊர்ந்துபோய், மூடியைப் பழையபடி திருகினேன்.

"வச்சேசிந்தி! வந்துடுச்சு!" தெலுங்கிலும் தமிழிலுமாக உள்ளே கூச்சல்.

ஓடிப்போய் அத்தையிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் மேனேஜரின் குரல் கேட்டது.

"பார்த்தீங்களா? அந்தம்மா எழுந்து போனதும் ஓடுது. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."

லீவு விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினுதான் வந்துடுச்சே அத்த, இன்னாத்துக்கு அழுவுற?"

"ஆமாண்டா. நான் எழுந்து வந்ததும் வந்துடுச்சு. என் கைதான் சரியில்ல."

கம்ப்யூட்டரை அவர் அதற்குப்பின் தொடவே இல்லை. அன்றோ, பஸ் புத்தூரைத் தாண்டுவதற்குள், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட நிம்மதியில் நான் அவர் மடியிலேயே தூங்கிப்போனேன்.