மூடிய அறையில் காய்ந்த பலகைகள்

என் பேத்திக்கு மூச்சுத் திணறல் வந்த அன்று அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். ஆறு வயதுக் குழந்தையையும் மறைக்கச் சொன்னேன். பழி வேறொரு பெண்ணின் மேல் விழுந்தபோது நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், வழியில் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்பு நடந்தது. நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு மகளும் பேத்தியும் என்னோடு வந்து இருந்தார்கள். மருமகனுக்குப் பிரான்சில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வருவார். மகள் வங்கிக்குப் போய்விட்டால், பள்ளி விட்டு வரும் குழந்தை மாலைவரை என் பொறுப்பு. அவளுக்கு வீசிங் உண்டு. கொசுவர்த்தி, சாம்பிராணி, பெயிண்ட், சாக்பீஸ் தூள் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது என்று மகள் எனக்குச் சொல்லியிருந்தாள்.

அந்த வருடம் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலுக்குப் போய்விட்டு வந்தார்கள். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் சின்னக் கரும்பலகை ஒன்று வைத்து, சாப்பிட வந்தவரின் பெயரை அதில் சாக்பீஸால் எழுதியிருந்தார்களாம்.

“தாத்தா, தட்டுக்குக் கீழ என் பேரு இருந்துச்சு! நான் அத அழிச்சிட்டு நண்டு வரைஞ்சேன். யாருமே திட்டல!” என்றாள். “கிறிஸ்துமஸுக்கு நம்ம டேபிள்லயும் அப்டி வைக்கலாமா?”

“பெயிண்ட் வேலையெல்லாம் வேணாம்பா,” என்றாள் மகள். “அவளுக்கு ஒத்துக்காது.”

“வீட்டுக்குள்ள யாரு அடிக்கப்போறா? மாடியில வெச்சி அடிப்பேன். வாடை போற வரைக்கும் அங்கேயே காயட்டும். அப்புறம்தான் கீழ எறக்குவேன்.”

“நிச்சயமா?”

“கணக்கு வாத்தியார் சொன்னா சொன்னதுதான்.”

“ஆமா, சொன்ன தேதிக்கு நீங்க பரிட்சப் பேப்பர் திருத்திக் குடுத்ததே இல்லன்னு அம்மா சொல்லுவாங்க,” என்று சிரித்தாள் மகள். அதுதான் அவள் கொடுத்த சம்மதம்.

தச்சுப் பட்டறையில் ஹார்ட்போர்டை அறுத்து வாங்கினேன். தட்டு வைத்தது போக ஓரத்தில் பெயர் எழுதவும் படம் வரையவும் இடம் இருக்க வேண்டும் என்று அளவு சொன்னேன். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். அடிப்பக்கம் மேசையைக் கீறாமல் இருக்கப் பழைய வேட்டித் துணியை ஒட்டினேன். பிரைமர் அடித்து, அதன்மேல் கரும்பலகை பெயிண்டை ஒரு பூச்சு நீளவாக்கிலும் அடுத்த பூச்சு குறுக்கிலும் கொடுத்தேன். அப்படி அடித்தால் பிரஷ் தடம் தெரியாது. பல வருடங்கள் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு, வீட்டில் தன் கையால் ஒன்றைச் செய்வது பெருமையாகத்தான் இருந்தது. என் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு விருந்துக்கு வருவதாக இருந்தார்கள். அவர்கள் ஆச்சரியப்படுவதை மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டேன்.

இரண்டாம் பூச்சு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் தகரக் கொட்டகை ஒழுகியது. பலகைகள் விரலில் ஒட்டின. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாளும் வெயில் இல்லை. பேத்தி பள்ளிக்குப் போனதும் பலகைகளைக் கீழே கொண்டுவந்து என் அறையில் சுவரோடு சாய்த்து வைத்தேன். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டேன். அவள் வருவதற்குள் காய்ந்துவிடும், மேலே கொண்டுபோய்விடலாம் என்பது என் கணக்கு.

மழை என்று பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அவளுக்குச் சோறும் இறால் தொக்கும் போட்டேன். இறால் அன்று காலை எங்கள் தெருவுக்கு வரும் வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவிடம் மகள் வாங்கியது. சாப்பிட்டு முடித்ததும் பேத்தி நேராக என் அறைக்குள் வந்தாள்.

“ஐ! காஞ்சிருச்சா தாத்தா?”

வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். பெயிண்ட் வாடையில் என் கண்ணே எரிந்துகொண்டிருந்தது. வாடை இருப்பது தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசைப்பட்டேன். புதுப் பலகையில் எடுத்த எடுப்பில் எழுதினால் அந்த எழுத்து அழியாமல் தங்கிவிடும். முதலில் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைக்க வேண்டும் என்று விளக்கினேன். காய்ந்திருந்த இரண்டை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் தேய்த்தாள். விசிறிக் காற்றில் வெள்ளைத் தூள் பறந்தது.

“தாத்தா, நீ பவுடர் போட்டுக்கிட்ட மாதிரி இருக்க!”

சிரித்தவள் இருமினாள். பிறகு இருமலை நிறுத்த முடியவில்லை.

மகள் காட்டித் தந்தபடி இன்ஹேலரை வாயில் வைத்து மருந்தை அடித்துவிட்டேன். கேட்கவில்லை. நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. மகளுக்குப் போன் செய்தேன்.

“இதோ வந்துட்டேன். நீங்க ஆட்டோவப் புடிச்சி வாசல்ல நிறுத்தி வைங்கப்பா.”

தெருமுனையில் எப்போதும் ஆட்டோ நிற்கும். நான் தெருமுனைக்குப் போகவில்லை. பலகைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இறங்கி வந்து மிச்சத்தையும் எடுத்துப் போனேன். ஜன்னல்களைத் திறந்தேன். தரையில் கிடந்த சாக்பீஸ் தூளை ஈரத்துணியால் துடைத்தேன். குழந்தை கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து, தோள்கள் ஏறி இறங்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் மண்டியிட்டுச் சொன்னேன்:

“பலகை கீழ வந்தத அம்மாகிட்ட சொல்லக்கூடாது. சொன்னா கிறிஸ்துமஸுக்குப் பலகையே கெடையாது. சரியா?”

பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. தலையை ஆட்டினாள்.

மகள் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். “ஆட்டோ எங்கப்பா?”

“கெடைக்கல.”

அவளே மழையில் ஓடி ஆட்டோவோடு திரும்பினாள்.

மருத்துவமனையில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். “புதுசா ஏதாவது சாப்பிட்டாளா? வீட்ல புகை, தூசி, பெயிண்ட் ஏதாவது?” என்று கேட்டார்.

“பெயிண்ட் மாடியிலதான் டாக்டர். கீழ வரல. இல்லப்பா?” என்றாள் மகள்.

“மாடியிலதான்,” என்றேன்.

மாஸ்க்குக்கு மேலே குழந்தையின் கண்கள் என்னிடம் வந்து, அங்கேயே நின்றன.

“எறா சாப்பிட்டா,” என்றாள் மகள், தானே ஏதோ கண்டுபிடித்தவள் போல. இறாலாலும் இருக்கலாம், இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், அடுத்த முறை இதைவிடக் கடுமையாக வரலாம், கவனமாக இருங்கள் என்றார் டாக்டர். அடுத்த முறை கடுமையாக வரலாம் என்ற அந்த வார்த்தையோடுதான் நான் வீடு திரும்பினேன்.

அடுத்த நாள் காலை மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள். மகள் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து எங்களுக்கு மீன் கொடுப்பவள்.

“இனிமே இங்க வராதீங்க,” என்றாள் மகள். “எங் கொழந்த மூச்சு இல்லாம கெடந்துச்சு. கெடாம இருக்க மருந்து போட்ட எறாவக் குடுத்திருக்கீங்க.”

“இன்னா பாப்பா இப்டி சொல்லிட்ட? காத்தால வலையிலேர்ந்து எடுத்த எறா. அதே எறாவதான் எம் மருமவ அது புள்ளைக்கும் ஊட்டிச்சு.”

“எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்களோ எனக்குத் தெரியாது, நான் சொல்றேன். வாத்தியாரே, உள்ளதான குந்திக்கினு கீறீங்க? நீங்க சொல்லுங்க. எத்தினி வருசமா எங் கையால துன்றீங்க? ஒரு நாளு வவுத்து வலின்னு படுத்தீங்களா?”

நான் நாளிதழின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். எதிர்வீட்டில் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த பெண் திரும்பி உள்ளே போனதை நாளிதழின் ஓரம் வழியாகப் பார்த்தேன். அதன்பின் சில நாட்கள் மீன்காரம்மாவின் குரல் தெருவில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் பயந்து வாழ்ந்த நாட்கள் அவை. குழந்தை விளையாடினால் பயம். பேசாமல் இருந்தால் இன்னும் பயம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதுபோல் பாவனை செய்து மூச்சுச் சத்தத்தைக் கேட்பேன். அவளும் மகளும் தனியாகப் பேசினால் ஏதாவது சாக்கு வைத்து நடுவே போய் நிற்பேன். உண்மை தெரிந்தால் மகள் குழந்தையை என்னிடம் விடமாட்டாள், ஒருவேளை வீட்டை விட்டே போய்விடுவாள். அந்தப் பயத்துக்கு நான் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன் பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயிலில் வரிசையில் நின்றேன். கோபப்பட்டது, ஒரு ஞாயிறு பூசை தவறியது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சாமியார் கொடுத்த செபத்தைச் சொல்லி முடித்து, நல்ல மனிதன் போல எழுந்து வந்தேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மகள் சமையலறையில் கேக்குக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பேத்தியும் கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு ஆட்டுக்குட்டிப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்தாள்.

“தாத்தா, எனக்குக் காலைலேர்ந்து லேசா இழுக்குது.”

“ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?”

“சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். அந்த டாக்டர் மறுபடி கேப்பாங்க. பலகை தெரிஞ்சுடும்ல? நான் சொல்ல மாட்டேன் தாத்தா.” என்னைத் தைரியப்படுத்துவதுபோல என் முழங்காலைத் தட்டினாள்.

எழுந்தேன். மகளைக் கூப்பிட்டுக்கொண்டே தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை அழைத்து வந்தேன். ஆட்டோவில் குழந்தை நடுவில் இருந்தாள். அவள் தலைக்கு மேலாக மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மூடிய அறை, சாக்பீஸ் தூள், குழந்தையிடம் வாங்கிய வாக்கு. மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

“அன்னிக்கு ஆட்டோ நெஜமாவே கெடைக்கலயாப்பா?”

“நான் போவவே இல்ல. பலகைய எடுத்துக்கிட்டு மேல போயிட்டேன்.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் வெளியிலேயே நின்றேன்.

இந்த முறை லேசாகத்தான் இருந்தது. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தாள். பலகைகளைக் குப்பை வண்டியில் ஏற்றினேன். மறுநாள் காலை வைத்திக்குப்பத்துக்கு நடந்தேன். கரையில் ஏற்றியிருந்த படகு ஒன்றின் நிழலில் மீன்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“தெரு பாக்கத் திட்னாங்க. நீங்க கடலாண்ட வந்து, காக்காவும் நண்டும் கேக்கறாப்ல சொல்றீங்க,” என்றாள். “தெருவுல வந்து சொல்லுங்க வாத்தியாரே.”

“வரேம்மா.”

“எப்போ? ஈஸ்டருக்கா?”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்போதே அவளோடு நடந்தேன். கூடையைத் தலையில் வைத்து அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். இறாலில் தப்பில்லை, என் பெயிண்டால்தான் குழந்தைக்கு அப்படி ஆனது, தெரிந்தே சும்மா இருந்தேன் என்று நான் சொன்னேன். என்னிடம் படித்தவன் ஒருவன், “விடுங்க சார், போனாப் போவுது” என்றான். “உனக்குப் போனாப் போவுது, எனக்குப் பொழப்பு போச்சு” என்றாள் அவள். எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தை எடுத்து வந்தாள். சிலர் வரவில்லை, அவர்கள் வேறு ஆளிடம் பழகிவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் மீன்காரம்மா நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். இன்றுவரை அப்படித்தான் போகிறாள். மகள் ஒருநாள் வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டுப் பார்த்தாள். “இருக்கட்டும் பாப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. வெள்ளைத் துணி மட்டும் விரித்த மேசையில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். ஜனவரியில் மகள் குழந்தையைப் பள்ளி விட்டதும் தன் தோழி வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்தாள். வீட்டை விட்டுப் போகவில்லை. எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். குழந்தையை மட்டும் என்னோடு தனியாக விடுவதில்லை. நான் கேட்கவும் இல்லை. டாக்டர் அனுமதித்த பிறகு பேத்தி மறுபடி இறால் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவளுக்குப் பெரிதாக இழுப்பு வரவும் இல்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் என்னிடம் வருவாள். மகள் கூடத்தில் எங்களைப் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பாள். போன வாரம் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“தாத்தா, இத அம்மாகிட்ட சொல்லலாமா?”

“சொல்லலாம்மா. எதுவா இருந்தாலும் சொல்லலாம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுளையோடு எழுந்து, அம்மாவிடம் கேட்கக் கூடத்துக்குப் போனாள்.